ரத்ததானக் கேடயம்

துப்பறிவாளர் தசரதன் அன்று மாலை பி.வி.சி. பைப் வியாபாரியாக மாறுவேடம் பூண்டிருந்தார். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சட்டைப் பையில் ஓர் அளவு டேப்பைச் சொருகி, மீசையை வழக்கத்துக்கு மாறாகக் கீழ்நோக்கிச் சீவியிருந்தார்.

“எப்படி இருக்கு?” என்று உதவியாளர் ஷாகிதாவிடம் கேட்டார்.

“தசரதன் சார் டேப் வாங்கக் கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரி கீது.”

ஷாகிதா பூந்தமல்லிக்காரி. மூன்று வருடங்களுக்கு முன்பு, பாடியில் இளங்கோவின் ஜெராக்ஸ் கடைக்கு வேலை கேட்டு வந்தவள், தப்பித் தவறி ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டாள். அங்கேதான் தசரதன் துப்பறியும் நிலையம் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அவள் கண்டுபிடித்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் தசரதனுடையது.

நிலையத்தின் பதினோரு வருட வரலாற்றில் தொண்ணூறு சதவீதம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, வேலை நிஜமா, ஏற்கெனவே எங்காவது மனதைப் பறிகொடுத்திருக்கிறானா என்று விசாரித்து ரிப்போர்ட் கொடுப்பார். அவர் நல்ல பையன் என்று எழுதிக்கொடுத்த எந்த மாப்பிள்ளையின் கல்யாணத்துக்கும் அவருக்குப் பத்திரிகை வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று அவர் துப்பறியப் போனதும் இல்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது தொழிலுக்கு நல்லது.

ஆனால் இந்த கேஸ் அப்படிப்பட்டதல்ல. கோவில்பதாகையைச் சேர்ந்த சரவணக்குமார் என்ற இளைஞன், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாகப்பன் ஸ்டாம்பிங்ஸ் என்ற கம்பெனியில் மூன்று வருடம், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டியவன். பிப்ரவரியில் ஒருநாள் பிரஸ் இறங்கியபோது அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவனிடம் கம்பெனி ஒரு கடிதத்தை நீட்டியது. அவன் தங்கள் தொழிலாளியே இல்லை, அன்று காலைதான் ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் முதன்முறையாக உள்ளே வந்தான் என்று அதில் இருந்தது.

சம்பளம் கையில் கொடுத்ததால் சீட்டு இல்லை. ஈ.எஸ்.ஐ. இல்லை, அடையாள அட்டை இல்லை. கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். நாளைக் காலை பதினோரு மணிக்குத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் விசாரணை. அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கு ஒரே ஒரு ஆதாரமாவது வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் நிற்காது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

தசரதன் பதினோரு நாளாக அலைந்ததில் கிடைத்தது ஒரே ஒரு நூல் நுனி. கம்பெனி குறிப்பிட்ட ஒப்பந்தக்காரரின் பெயர் ‘வேம்புலி என்டர்பிரைசஸ், பாடி’. அந்த முகவரிக்குப் போனால் இளநீர்க் கடை இருந்தது. “வேம்புலியா? அவன் நாகப்பன் மொதலாளிக்குக் காரு ஓட்டிகினு கீறான்” என்றார் இளநீர்க்காரர், ஒரே சீவாகச் சீவிக்கொண்டே. இந்தச் செய்தியை அடைவதற்குள் தசரதன் நான்கு இளநீர் குடித்திருந்தார். முதல் இளநீரிலேயே கேட்டிருக்கலாம் என்று ஷாகிதா சொன்னாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரை குட்வில் கிளப்பின் கூட்டத்தில் தொழிலதிபர் நாகப்பன்தான் சிறப்பு விருந்தினர். முதலாளி வந்தால் டிரைவரும் வந்துதானே ஆக வேண்டும். கிளப்பின் செயலாளர், கீழ் மாடி ஜெராக்ஸ் இளங்கோ. தன் விருந்தாளிகளாக இரண்டு பேரை அழைத்துவர ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு என்பதால் உள்ளே நுழைவதில் சிக்கல் இல்லை.

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு ஓட்டலின் முதல் மாடியில் ஹால். கீழே கார் நிறுத்துமிடத்தில், ஒரு பெரிய வெள்ளைக் காருக்குள் வேம்புலி சீட்டைச் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தசரதன் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி பாதி இறங்கியது.

“வேம்புலி என்டர்பிரைசஸ் ஓனர் நீங்கதானே?” என்று தசரதன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எதிராளியை ஒரே கேள்வியில் நிலைகுலைய வைப்பது அவருடைய பாணி.

“இன்னாது?”

“ஒப்பந்தக்காரர் வேம்புலி.”

“யோவ், நான் டிரைவருய்யா. காலைல ஆறு மணிக்கு வண்டி தொடைக்கிற ஆளு. ஓனராம் ஓனரு.”

தசரதன் கம்பெனிக் கடிதத்தின் நகலைக் கண்ணாடி வழியாக நீட்டினார். “சரவணக்குமாரை வேலைக்கு வச்சது நீங்கன்னு இதுல எழுதியிருக்கு. கீழே உங்க கையெழுத்து. அவனுக்கு நஷ்ட ஈடு குடுக்கணும்னு தீர்ப்பு வந்தா, உங்க தலையிலதான் விடியும்.”

வேம்புலி கடிதத்தை வாங்கிப் படித்தார். மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து. பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி மேலே ஏறியது. உள்ளே ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

தசரதன் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். வேம்புலி நேரே ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கடிதமும் போச்சு” என்றார் தசரதன், பின்னால் நின்ற ஷாகிதாவிடம்.

“மீசை கண்ணாடில மாட்டாம வந்துச்சே, அதுக்கு சந்தோஷப்படுங்க சார். வாங்க, மேல பஜ்ஜி போட்றாங்க. வாசனை வருது.”

இருந்த ஒரே நூலும் அறுந்துபோன துப்பறிவாளர், படியேறினார். தோற்றுப்போனவனுக்குப் பஜ்ஜி கொஞ்சம் ஆறுதல்தான்.

ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் கிளப் தலைவர் ஷவுகத் அலி, கழுத்தில் கனமான பதக்கச் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், ஓர் எறும்பு கடித்தாலும் அதனிடம் மன்னிப்புக் கேட்கும் சுபாவம். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் கிளப் போர்த்திய பொன்னாடையோடு நாகப்பன். இருவருக்கும் நடுவில், ஒரு சின்னப் பையன் உயரத்துக்கு, பளபளவென்று ஒரு கேடயம். மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் இளங்கோவின் போன் நின்றது. கூட்டம் முழுவதும் ஃபேஸ்புக்கில் நேரலை. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்பது பேர் அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஷவுகத் அலி மணியை அடித்தார். யூடியூபில் போட்ட தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் நெட் சுற்றிக்கொண்டு நின்று, பிறகு தொடர்ந்தது. உறுதிமொழி ஆயிற்று. அந்த வாரம் பிறந்தநாளும் திருமண நாளும் கண்டவர்கள் மேடைக்கு வந்தார்கள். ஒரே பொன்னாடை மூன்று பேர் தோளில் ஏறி இறங்கி மறுபடி இளங்கோவின் பைக்குள் போயிற்று. அடுத்து உறுப்பினர்கள் தங்கள் விருந்தாளிகளை அறிமுகப்படுத்த வேண்டும். இளங்கோ எழுந்தான்.

“என்னோட விருந்தாளி திரு. தசரதன். பி.வி.சி. பைப் மொத்த வியாபாரம்.”

மாறுவேடம் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தசரதனே எதிர்பார்க்கவில்லை. அவர் உட்கார்வதற்குள் நான்கு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவருக்கு அயனம்பாக்கத்தில் வீடு கட்டுகிறார், மூன்று இஞ்ச் பைப் வேண்டும். ஒருவர் வீட்டில் ஏற்கெனவே போட்ட பைப் கசிகிறது, அதற்குத் தசரதன் பொறுப்பு என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. இன்னொருவர், “சார், ஒரு கார்டு குடுங்க” என்று கையை நீட்டினார்.

பதினோரு வருடப் பழக்கம். யார் கையை நீட்டினாலும் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டார்.

‘தசரதன், துப்பறிவாளர். உங்கள் ரகசியம் எங்கள் உயிர்’ என்று அச்சிட்டிருந்த அந்த அட்டை, மேஜை மேஜையாகப் பயணம் செய்து ஐந்தே நிமிடத்தில் மேடையை அடைந்தது. நாகப்பன் அதைப் படித்துவிட்டுத் தசரதனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பைப் கேட்டவர்கள் தங்கள் நாற்காலிகளைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்கள்.

“டேப்பைக் கழட்டிடுங்க சார்” என்றாள் ஷாகிதா. “இனிமே அது வெறும் பாரம்.”

நாகப்பன் பேச எழுந்தார். நன்றாகவே பேசினார். பாடியில் வாஷர் பொறுக்கிய காலத்திலிருந்து தொடங்கினார். “என் தொழிலாளர்கள் என்னுடைய பிள்ளைகள். அவர்களுடைய வியர்வையில்தான் இந்த நாகப்பன் நிற்கிறான்” என்றபோது கைதட்டல் எழுந்தது. தசரதனும் தட்டினார். தட்டிய பிறகுதான் யாருக்குத் தட்டுகிறோம் என்று உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. கோவில்பதாகையில் ஒருவன் தட்ட முடியாத கையோடு நாளைக் காலைக்காகக் காத்திருக்கிறான்.

ஷாகிதா பேச்சைக் கேட்கவில்லை. நாற்காலிக்கு ஒன்று வீதம் வைத்திருந்த ‘குட்வில் மலர்’ என்ற கிளப் பத்திரிகையைப் பஜ்ஜி எண்ணெய்க் கையோடு புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது.

“சார், அந்தக் கேடயம் எதுக்குத் தெரியுமா?”

“ஏதோ சேவைக்கு.”

“ரத்ததானத்துக்கு. போன ஆயுத பூஜை அன்னிக்கு இவரு கம்பெனில முகாம். எண்பத்தி மூணு பேரு குடுத்துகீறாங்க. இங்க விதி போட்டுகீறாங்க பாருங்க.”

தசரதன் படித்தார். முந்தைய வருடங்களில் சில கம்பெனிகள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் தெருவில் போகிறவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டனவாம். அதனால் கிளப் ஒரு விதி கொண்டுவந்தது. ரத்தம் கொடுத்த ஒவ்வொருவரும் அந்தக் கம்பெனியில் குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலாளியே கையெழுத்துப் போட்டு உறுதி தர வேண்டும். அப்படி உறுதி தந்த கம்பெனிக்குத்தான் கேடயம். அடுத்த பக்கத்தில் எண்பத்து மூன்று பேருடைய பெயரும் அச்சாகியிருந்தது.

ஷாகிதாவின் எண்ணெய் விரல் நாற்பத்தொன்றில் நின்றது. சரவணக்குமார். பிரஸ் ஷாப். பி பாசிட்டிவ்.

ஷாகிதா மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு சரவணக்குமாருக்கு வாட்ஸ்அப்பில் தட்டினாள்.

‘உன் பிளட் குரூப் இன்னா?’

‘பி பாசிட்டிவ் கா.’

‘கம்பெனில ரத்தம் குடுத்தியா?’

‘ஆமா. ஆயுத பூஜ அன்னிக்கு. கார்டு கூட குடுத்தாங்க. கேடயத்துக்கு வேணும்னு ஆபீஸ்ல திருப்பி வாங்கிகினாங்க.’

‘இத ஏன்டா எங்ககிட்ட சொல்லல?’

‘சார் கேக்கலியேக்கா.’

ஷாகிதா போனைத் தசரதன் பக்கம் திருப்பினாள். அவர் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். சம்பளச் சீட்டு கேட்டார், போட்டோ கேட்டார், பஞ்ச் கார்டு கேட்டார். கம்பெனியிலிருந்து வாங்கியதை எல்லாம் கேட்டவர், கம்பெனிக்குக் கொடுத்ததைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினோரு நாள் மிச்சம், நான்கு இளநீரும் மிச்சம்.

“கேஸ் முடிஞ்சுது” என்று அவர் முணுமுணுத்தார். “இளங்கோகிட்ட ஒரிஜினல் பட்டியல் இருக்கும். நாளைக்கு—”

“ஒரிஜினல் இன்னிக்குக் கேடயத்தோட கம்பெனிக்கே திரும்பப் போகுது சார். அதோ ஃபைலு.” கேடயத்தின் காலடியில் ஒரு நீல நிற ஃபைல் இருந்தது. “காருல ஏறிச்சுன்னா அத்தோட கதை முடிஞ்சுது. வெறும் மலரைக் காட்டினா, அச்சுப் பிழைன்னு ஊதிடுவாங்க. இவரு வாயால சொல்லணும்.”

அந்த நேரம் ஷவுகத் அலி கேள்வி நேரத்தை அறிவித்தார். “நம்ம நடுவுல ஒரு துப்பறிவாளர் இருக்கிறதா கேள்விப்பட்டேன். முதல் கேள்வி அவருடையதாக இருக்கட்டுமே” என்றார் மிகுந்த மரியாதையோடு.

தசரதன் எழுந்தார். மனதுக்குள் மூன்று கண்ணிகள் வைத்த ஒரு கேள்வியை வேகமாகப் பின்னியிருந்தார். முதல் கண்ணியில் கால் வைத்தால் மூன்றாவதில் கழுத்து மாட்டும். மைக் கைக்கு வந்ததும் மூன்று கண்ணியும் மறந்துபோயிற்று.

“ஐயா, உங்க கம்பெனியில... ஒப்பந்தத் தொழிலாளர்கள்... இருக்காங்களா?”

“இருக்கிறார்கள். எல்லாம் சட்டப்படி” என்றார் நாகப்பன்.

எல்லோரும் கைதட்டினார்கள். தசரதன் உட்கார்ந்தார். கழுத்து மாட்டியது யாருடையது என்று சந்தேகமே இல்லை.

மைக் அவர் கையிலிருந்து நழுவி ஷாகிதாவிடம் போயிருந்தது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப வருத்தமான குரலில் ஆரம்பித்தாள்.

“வணக்கம் சார். நீங்க பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா பஜ்ஜி வாங்கப் போனப்ப ஒருத்தர் சொல்றாரு, இந்த எண்பத்தி மூணு பேருல பாதி வெளியாளாம். கேடயத்துக்காக ரோட்டுல போறவங்களைக் கூட்டிகினு வந்தாங்களாம். எனக்குக் கேக்கவே கஷ்டமா போச்சு சார்.”

நாகப்பனின் முகம் சிவந்தது. மேடைத் தமிழ் எங்கோ கழன்று விழுந்து, பாடித் தமிழ் வெளியே வந்தது.

“எவன் சொன்னான்? இங்க வரச் சொல்லு அவனை! எண்பத்தி மூணு பேரும் என் ஆளுங்கம்மா. ஆறு மாசத்துக்குக் கீழ ஒருத்தன் கெடையாது. ஒவ்வொரு பக்கத்துலயும் நானே கையெழுத்து போட்டுகீறேன், தோ கீது ஃபைலு. ஒவ்வொருத்தனையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்!”

“எனக்குத் தெரியும் சார். சும்மா அவங்க வாயை அடைக்கத்தான். தலைவர் சார், நாப்பத்தி ஒண்ணாவது பேரைக் கொஞ்சம் படிங்களேன்.”

யார் எதைக் கேட்டாலும் செய்துவிடுகிற ஷவுகத் அலி, ஃபைலைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாற்பத்தி ஒண்ணு... சரவணக்குமார். பிரஸ் ஷாப். பி பாசிட்டிவ்.”

இந்த இடத்தில் தசரதனுக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றார். மைக் இல்லாமலே குரல் எடுபட்டது.

“பிப்ரவரி மாசம் உங்க பிரஸ்ல ரெண்டு விரல் போச்சே, அந்த சரவணக்குமார். அன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையா உள்ள வந்தான்னு உங்க கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. வேலைக்கு வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே வந்து, ரத்தத்தை மட்டும் குடுத்துட்டுப் போயிட்டானா ஐயா?”

பஜ்ஜி கடித்தவர்கள் கடித்த வாயோடு இருந்தார்கள். நாகப்பன் தண்ணீர்க் கோப்பையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். கீழே வைத்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டது.

“அது வேற சரவணக்குமார்” என்றார் அமைதியாக. “அந்தப் பேர்ல என்கிட்ட ரெண்டு மூணு பேர் இருக்காங்க. பி பாசிட்டிவ் ஊர்ல பாதிப் பேருக்கு. விசாரிக்காம பேசக் கூடாது, டிடெக்டிவ் சார்.”

தசரதன் மெதுவாக உட்கார்ந்தார். வேறு சரவணக்குமார் இருக்க முடியும் என்ற சாதாரண விஷயத்தை, வேலைக்கு நேற்றுச் சேர்ந்தவன்கூட யோசித்திருப்பான். அவர் ஷாகிதாவைப் பார்த்தார். அவள் மலரை மறுபடி வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் தடுமாறி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஷவுகத் அலி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, மணியை அடிக்கச் சுத்தியலை எடுத்தார். “அப்போ நன்றியுரை...”

“வேற ஆளு இல்ல மொதலாளி.”

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் வேம்புலி நின்றிருந்தார். கூட்டம் முடியும் நேரத்தில் டிரைவர்கள் மேலே வந்து, விருந்தினருக்குக் கொடுத்த மாலையையும் பரிசையும் காருக்கு எடுத்துப் போவது வழக்கம். அதற்காக வந்தவர். வாசல் மேஜையிலிருந்து எடுத்த பூங்கொத்துகள் இரண்டு கைகளிலும் இருந்தன.

“நீ கீழ போ வேம்புலி” என்றார் நாகப்பன்.

“போறேன் மொதலாளி. தலைவரய்யா, நாப்பதாவது பேரு யாருன்னு படிங்க.”

ஷவுகத் அலி நாகப்பனைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். கேட்டுவிட்டார்களே, படிக்காமல் எப்படி இருப்பது? “நாற்பது... வேம்புலி. டிரைவர். ஓ பாசிட்டிவ்.”

“நான்தான். எனக்குப் பக்கத்துக் கட்டில்ல அவன்.” வேம்புலி பூங்கொத்துகளை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அந்தக் கடிதத்தை எடுத்தார். “இதுல என்னைய கண்ட்ராக்டருன்னு போட்டுகீறீங்க. இன்சூரன்ஸு பேப்பருன்னு ஆபீஸ்ல நீட்டினாங்க, நீங்க பண்ணா நல்லதுக்குத்தான் பண்ணுவீங்கன்னு படிக்காம போட்டேன். இருபத்திரெண்டு வருசமா உங்க வண்டில கீறேன் மொதலாளி. நாளைக்கு அவனுக்கு நான் பதில் சொல்லணுமாம். எங்கூட்டுல இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

நாகப்பன் மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

“அது கூட போவட்டும். ஊசியப் பாத்ததும் அவனுக்கு மயக்கம் வந்துட்ச்சு. அண்ணாத்தே, கையக் குடுன்னு என் கையப் புட்ச்சிகினான். ஊசி எடுக்குற வரைக்கும் வுடல. அந்தக் கைல அன்னிக்கு அஞ்சு வெரலும் இருந்துச்சு மொதலாளி. எனக்குத் தெரியும். என் கையில வலிச்சுது.”

நேரலையில் பார்ப்பவர்கள் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியிருந்ததை இளங்கோ சுட்டிக் காட்டினான். தசரதன் அதைப் பார்க்கவில்லை. அவர் நாகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேடயத்தில் அந்த மனிதரின் முகம் கோணல்மாணலாகத் தெரிந்தது.

ஷவுகத் அலி ரொம்பத் தயங்கி, “நாகப்பன் சார், அந்த சரவணக்குமார் உங்க ஆள் இல்லைன்னா... விதிப்படி இந்தக் கேடயம்...” என்று இழுத்தார்.

நாகப்பன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு வேம்புலியைப் பார்த்துக் கேட்டார்.

“எந்தக் கை?”

“சோத்துக் கை மொதலாளி.”

எல்லோரையும் பேர் சொல்லித் தெரியும் என்று பத்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னவர், சற்று நேரம் தன்னுடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மைக்கை அணைக்க யாரும் நினைக்கவில்லை.

“என் ஆளுதான்” என்றார்.

கேடயத்துக்காகச் சொன்னாரா, அந்தக் கைக்காகச் சொன்னாரா, முந்நூறு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொன்னாரா? தசரதனுக்குத் தெரியவில்லை. மனிதன் மனதைத் துப்பறியும் திறமை தனக்கு இல்லை என்பதற்கு அவரிடம் நானூறு மாப்பிள்ளை ரிப்போர்ட்டுகள் ஆதாரமாக இருந்தன. நாகப்பன் பொன்னாடையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “கேடயத்தை எடுத்துக்கட்டா மொதலாளி?” என்று வேம்புலி கேட்டதற்கு, “வேணாம். இங்கயே இருக்கட்டும். நீ வண்டியை எடு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இளங்கோ நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். “தசரதண்ணே, நாளைக்கு ஒரிஜினலோட நானே வர்றேன். தலைவரும் வர்றேங்கிறாரு. வீடியோவை யாரும் அழிக்க முடியாதபடி எட்டு இடத்துல ஏத்தியாச்சு.”

“நல்லது” என்று தசரதன் கம்பீரமாகத் தலையசைத்தார். எல்லாம் தன் திட்டப்படியே நடந்தது போல ஒரு பார்வை பார்க்கலாமா என்று நினைத்தார். ஷாகிதா பக்கத்தில் நின்றதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

“நீங்களே சொல்லுங்க சார்” என்று அவள் போனை நீட்டினாள். கோவில்பதாகையில் சரவணக்குமார் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“சரவணக்குமார், தசரதன் பேசுறேன். நாளைக்குப் பயப்படாம வா. ஆதாரம் கிடைச்சிடுச்சு. நாகப்பனே நாற்பது பேர் முன்னாடி மைக்ல சொல்லிட்டாரு, நீ அவரோட ஆளுன்னு.”

பணம் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று கேட்பான் என்று தசரதன் காத்திருந்தார். ஐந்து மாதமாகப் போன இடமெல்லாம், நீ அங்கே வேலை பார்க்கவே இல்லை என்று கேட்டுக் கேட்டு வந்தவன் அவன். பேசியபோது குரல் உடைந்திருந்தது.

“அப்ப நான் அங்க வேலை பாத்தது நெசந்தானே சார்?”

தசரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை.

“நெசந்தான்ப்பா” என்றார். “மூணு வருஷம்.”